‘மூன்றாம் மதகு’ படத்தில் நாலாவது போட்டோ

பெருநகர்
18-2-2024

அன்புள்ள தம்பி வினோத்துக்கு,

அக்கா எழுதுவது. இங்கே நாங்கள் வேலையும் வலியுமாக இருக்கிறோம். உன் இருமல் நின்றதா? உன் மாமாவுக்கு இடுப்பு வலி குறையவில்லை. கட்டிலில் படுத்தபடியே வெற்றிலை கேட்கிறார், அந்த அளவுக்குச் சௌக்கியம்.

படத்தைப் பற்றிப் போனில் பேசினால் இரண்டாவது நிமிஷம் சண்டை வருகிறது, நிறை குறை இரண்டையும் எழுதி அனுப்பு என்று நீ சொல்லி ஒரு மாசம் ஆகிறது. தை மாசம் முழுக்கக் கல்யாண ஜாக்கெட். மிஷினை விட்டு எழுந்தால் முதுகு நிமிர மறுக்கிறது. நேற்றுதான் நீ கொடுத்த பென்டிரைவை டிவியில் செருகி ‘மூன்றாம் மதகு’ பார்த்தேன். உன் மாமா பாதியில் தூங்கிவிட்டார், அதைக் குறையில் சேர்க்காதே, அவர் மாத்திரை சாப்பிட்டிருந்தார்.

நிறை முதலில். முதல் அரை மணி நேரம் நான் தண்ணீர் குடிக்கக்கூட எழுந்திருக்கவில்லை. ஏரி மதகில் செருப்பு ஒன்று மட்டும் சுற்றிச் சுற்றி வருகிற இடம் நன்றாக இருக்கிறது. லேடி இன்ஸ்பெக்டர் பிணத்தைப் பார்த்துவிட்டு வந்து ஜீப்பில் உட்கார்ந்து ஆறிப்போன இட்லியைச் சாப்பிடுகிறாளே, அது நிஜம். வேலைக்குப் போகிற பொம்பளை அப்படித்தான் சாப்பிடுவாள். பாட்டு வைக்காததற்கு உனக்குத் தனியாக ஒரு கும்பிடு.

இனி குறை. கோபப்படாமல் படி. மதகு திறக்கிற ஆள் முதல் சீனில் சும்மா டீ குடிக்கிறான். சும்மா டீ குடிக்கிறவனை எதற்கு இரண்டு தரம் காட்டுகிறாய்? கொலைகாரன் அவன்தான் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. ஆடி மாசத்தில் ஏரி நிரம்பித் தளும்புகிறது. நீ இந்த ஊரில் பிறந்தவன்தானே? ஆடியில் நம்ம ஏரியில் பையன்கள் கிரிக்கெட் ஆடுவார்கள். கடைசியில் அவன் ஏன் கொலை செய்தான் என்றால், அவன் அம்மா சின்ன வயசில் சூடு வைத்தாளாம். உலகத்தில் எது நடந்தாலும் கடைசியில் அம்மா தலையில்தான் கட்டுவீர்களா? அந்தப் பிளாஷ்பேக் இருபது நிமிஷம். எனக்கு அலுப்பாக இருந்தது.

பெரிய குறை ஒன்று இருக்கிறது. ஆறு பெண்கள் சாகிறார்கள். ஒருத்தி முகத்தையும் நீ காட்டவில்லை. கால், கை, கூந்தல், செருப்பு, அவ்வளவுதான். அது ஸ்டைலாக இருக்கலாம். ஆனால் அந்த ஆறு பேரையும் தேடிக்கொண்டு ஒருத்தரும் ஸ்டேஷனுக்கு வரவில்லை. ஒருத்திக்குமா அம்மா இல்லை? கொலைகாரனுக்கு மட்டும் அம்மா, அதுவும் சூடு வைக்க. அவர்களுக்கு ஒரு முகமாவது கொடுடா.

தோன்றியதை எழுதிவிட்டேன். வேளைக்குச் சாப்பிடு.

உன் அக்கா,
பிரபா

---

சென்னை
2-3-2024

அன்புள்ள அக்காவுக்கு,

இருமல் போய்விட்டது, தூக்கமும் அதோடு போய்விட்டது. மாமாவை வெயிலில் நடக்க வேண்டாம் என்று சொல்.

உன் கடிதத்தை மூன்று தரம் படித்தேன். முதல் தரம் கிழிக்கலாம் என்று இருந்தது. ஆடி மாசத்து ஏரி என் தப்புதான், ஆனால் தண்ணீர் இருந்தபோதுதான் கேமரா வாடகைக்குக் கிடைத்தது. டீ குடிக்கிற சீனில் ஒன்றை வெட்டிவிட்டேன். பிளாஷ்பேக்கில் கை வைக்க முடியாது, அந்த இருபது நிமிஷத்துக்காகத்தான் தயாரிப்பாளர் இந்தக் கதைக்கே சம்மதித்தார். அவர் அழுதுவிட்டார் அக்கா. அவர் அழுத சீனை எப்படி வெட்டுவது?

முகம் பற்றி நீ சொன்னது மட்டும் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. நாலு வருஷம் இந்தக் கதையோடு படுத்து எழுந்திருக்கிறேன், எனக்குத் தோன்றவில்லை. கடைசியில் ஒரு சீன் சேர்க்கிறேன். ஸ்டேஷனில் அந்த ஆறு பேருக்கும் அஞ்சலி. ஆறு போட்டோ வரிசையாக, மாலை, பொட்டு, விளக்கு. இன்ஸ்பெக்டர் ஒவ்வொன்றின் முன்னாலும் நிற்கிறாள். வசனம் இல்லை. ஆறு பேரை வரவழைத்துப் படம் எடுக்க இப்போது வசதி இல்லை. பொங்கலுக்கு வந்தபோது உன் பழைய ஆல்பத்தை என் போனில் எடுத்து வைத்திருந்தேன். அதில் உள்ள முகங்களைக் கொஞ்சம் எடுத்துக்கொள்ளட்டுமா? சினிமா முகமாக இருந்தால் ஜனம் நம்பாது. இரண்டு செகண்டுதான் வரும், யாருக்கும் அடையாளம் தெரியாது.

சீக்கிரம் பதில் போடு.

வினோத்

---

பெருநகர்
11-3-2024

தம்பிக்கு,

நீ சாப்பிடுகிறாயா என்று கேட்டால் தூக்கத்தைப் பற்றி எழுதுகிறாய். இங்கே மின்சாரம் போய்ப் போய் வருகிறது, மிஷின் மோட்டாரும் அதன் இஷ்டத்துக்கு ஓடுகிறது. மாமாவை உத்திரமேரூர் டாக்டரிடம் காட்டினேன், காஞ்சிபுரம் போகச் சொல்லுகிறார்.

போட்டோ வேண்டுமானால் எடுத்துக்கொள். என் கல்யாணப் போட்டோவில் மட்டும் கை வைக்காதே. மாமா பார்த்தால் பேஜார் பண்ணுவார்.

பக்கத்து வீட்டுக் கோவிந்தம்மாள் அத்தை உன் படம் எப்போது வரும் என்று தினமும் கேட்கிறார்கள். போலீஸ் படம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். தியேட்டருக்குப் போய் எத்தனையோ வருஷம் ஆயிற்றாம், நம்ம வினோத்து படத்துக்குத்தான் போவேன் என்கிறார்கள். கூட்டிப் போவதாகச் சொல்லியிருக்கிறேன்.

கை வலிக்கிறது. இத்துடன் நிறுத்துகிறேன்.

பிரபா

---

சென்னை
9-6-2024

அன்புள்ள அக்காவுக்கு,

மாமாவுக்கு இப்போது எப்படி இருக்கிறது? மூன்று மாசமாக ஒரு வரி எழுதவில்லை என்று திட்டுவாய், திட்டு.

படம் வெள்ளிக்கிழமை வந்துவிட்டது. உனக்கு முன்னால் ஊர் முழுக்க நிறை குறை எழுதிவிட்டது. நிறை: முதல் பாதி, இன்ஸ்பெக்டர், சத்தம். குறை: நீளம், பிளாஷ்பேக், யார் என்று முன்னாலேயே தெரிகிறது. அதாவது, நீ பிப்ரவரியில் எழுதியதையே ஜூனில் எழுதுகிறார்கள். ஒருவன் ஆடி மாசத்து ஏரியைக்கூடப் பிடித்துவிட்டான், அவன் அநேகமாக நம்ம பக்கத்து ஆளாக இருப்பான்.

ஆனால் ஒன்றில் எல்லோருக்கும் ஒரே பேச்சு. அந்தக் கடைசி ஆறு போட்டோ. இந்த மாதிரிப் படத்தில் செத்தவர்களை யாரும் நினைப்பதில்லை, இதில் நினைத்திருக்கிறார்கள் என்று எழுதுகிறார்கள். இரண்டு செகண்டு என்று சொன்னேன் இல்லையா, எடிட்டிங்கில் வளர்ந்துவிட்டது. ஒவ்வொரு முகத்திலும் ஏழு எட்டு செகண்டு நிற்கிறது. அந்த ஒரு சீனைப் பார்த்துத்தான் ஆன்லைனில் வாங்க ஒரு கம்பெனி பேசுகிறது. அது உன்னால் வந்த சீன் அக்கா.

உத்திரமேரூர் தியேட்டரில் போட்டிருக்கிறார்கள். போய்ப் பார்த்துவிட்டு ஜனம் எங்கே சிரித்தது, எங்கே போனை எடுத்தது என்று எழுது.

உன் தம்பி,
வினோத்

---

பெருநகர்
17-6-2024

வினோத்துக்கு,

மாமா நடக்கிறார். நான்தான் சரியில்லை.

ஞாயிற்றுக்கிழமை பகல் காட்சிக்குக் கோவிந்தம்மாள் அத்தையைக் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் போனேன். தியேட்டரில் ஐம்பது பேர் இருக்கும். நீ கேட்டதை எழுதிவிடுகிறேன். இட்லி சாப்பிடுகிற இடத்தில் யாரும் மூச்சு விடவில்லை. பிளாஷ்பேக்கில் பாதிப் பேர் போனை எடுத்தார்கள். ஏரி தளும்புகிற இடத்தில் பின்னால் ஒருவர் சிரித்தார்.

அப்புறம் அந்தப் போட்டோக்கள் வந்தன. முதல் மூன்றும் என் ஆல்பத்து முகங்கள் என்று தெரிந்தது, ஆனாலும் வெறும் போட்டோவாகத்தான் இருந்தன. நாலாவது சசிரேகா. பழையசீவரம் மலைக்கு டெய்லரிங் கிளாஸில் போனபோது படிக்கட்டில் எடுத்தது. வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு சிரிப்பாளே, அது. பக்கத்தில் நின்ற என்னை வெட்டி எடுத்துவிட்டாய். நெற்றியில் குங்குமம் வைத்து, ரோஜா மாலை போட்டு, கீழே விளக்கு ஏற்றியிருந்தாய். நான் எண்ணினேன், ஒன்பது செகண்டு.

அத்தை என் கையைப் பிடிக்கவில்லை, அழவில்லை. தியேட்டரில் விளக்குப் போட்டதும் எழுந்து புடவையை உதறிக்கொண்டு வெளியே வந்தார்கள். பஸ் ஸ்டாண்டில் டீ வாங்கிக் கொடுத்தேன், குடித்தார்கள். பஸ் ஏறி உட்கார்ந்த பிறகு மெதுவாகக் கேட்டார்கள். “எம் பொண்ண எந்த ஏரியாண்ட எடுத்தாங்களாம்?”

இது கதை அத்தை, வினோத் என் ஆல்பத்தில் இருந்து போட்டோவை எடுத்து வைத்திருக்கிறான், அவ்வளவுதான் என்று வீடு வந்து சேரும்வரை சொல்லிக்கொண்டே வந்தேன். கேட்டுக்கொண்டார்கள். வாசலில் சாவியைத் தேடும்போது சொன்னார்கள், “உயிரோட கீறவளுக்கு எவனாச்சும் மால போடுவானா? அவனுக்குத் தெரிஞ்சிதான் போட்டுக்கீறான். எங்கிட்ட சொல்ல மனசு வராம படத்துல காட்டிக்கீறான்.”

உனக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சசி வீட்டை விட்டுப் போய்ப் பதினாலு வருஷம். பன்னிரண்டு வருஷம் ஆனபோது காரியம் பண்ணிவிடலாம் என்று உறவுக்காரர்கள் வந்து உட்கார்ந்தார்கள். அத்தை துடைப்பத்தை எடுத்துக்கொண்டு வந்து துரத்தினார்கள். அவள் போட்டோவை இதுவரை சுவரில் மாட்டியதில்லை. அலமாரியில் துணி மேல் படுக்க வைத்திருப்பார்கள், செத்தவர்களுக்குத்தான் சுவர் என்று. அத்தனை வருஷம் காத்ததை நீ ஒன்பது செகண்டில் முடித்துவிட்டாய். எடுத்துக்கொள் என்று எழுதிக் கொடுத்தவள் நான். எந்தப் போட்டோ என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நாலு தரம் போன் செய்தேன், நீ எடுக்கவில்லை. நேரில் வந்து அத்தையிடம் சொல். உன் வாயால் சொன்னால்தான் நம்புவார்கள்.

பிரபா

---

பெருநகர்
3-7-2024

வினோத்துக்கு,

பதில் இல்லை. பேப்பரில் உன் பேட்டி பார்த்தேன், மெலிந்திருக்கிறாய்.

அத்தை சசியின் போட்டோவைச் சுவரில் மாட்டிவிட்டார்கள். அவள் அப்பா தாண்டவராயன் மாமா படத்துக்குப் பக்கத்தில். தினமும் இரண்டுக்கும் சேர்த்துப் பூ வைக்கிறார்கள். ஆடி அமாவாசைக்குச் செய்யாற்றங்கரையில் அவளுக்குத் தர்ப்பணம் கொடுக்க ஐயரிடம் சொல்லியாகிவிட்டது. ஆகஸ்ட் நாலாம் தேதி.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நேற்றுக் கீரை ஆய்ந்துகொண்டே சொன்னார்கள். “பதினாலு வருசத்துல மொத தபா விடிய விடிய தூங்கினேன் பிரபா. வாசல்ல சத்தம் கேட்டா எய்ந்து பாக்கறதில்ல இப்போ.” முகம் தெளிந்திருக்கிறது. சாப்பாடு இறங்குகிறது. எனக்குத்தான் பார்க்க முடியவில்லை.

என்ன செய்வது என்று எழுதுடா. என்னால் தனியாக முடியவில்லை.

அக்கா

---

சென்னை
9-7-2024

அக்காவுக்கு,

நலமா என்று கேட்க வெட்கமாக இருக்கிறது.

உன் ஜூன் மாசத்துக் கடிதம் வந்த அன்றே படித்துவிட்டேன். பதில் எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். சினிமாவில் ஒரு வழக்கம் இருக்கிறது. யாராவது செத்தவராக நடித்தால், ஷாட் முடிந்ததும் அவரைக் கேமராவைப் பார்த்துச் சிரிக்கச் சொல்லி அதையும் எடுப்போம். பிணமாக முடியக் கூடாது என்று. உயிரோடு இருக்கிறவர் போட்டோவுக்கு மாலை போட்டால் கற்பூரம் சுற்றிவிட்டுத்தான் கழற்றுவோம். ஆறு போட்டோவையும் வரிசையாக வைத்துவிட்டு ஆர்ட் டிபார்ட்மென்ட் அருள்தாஸ் கேட்டான், இதில் யார் யார் உயிரோடு இருக்கிறார்கள் சார் என்று. ஐந்து பேரைக் காட்டினேன். நாலாவதைப் பார்த்து, தெரியவில்லை என்றேன். ஐந்துக்கு மட்டும் கற்பூரம் சுற்றினான்.

அது சசி அக்கா என்று எனக்குத் தெரியும். ஆல்பத்தைப் புரட்டும்போதே தெரியும். அவள் எங்கே போனாள் என்று யாருக்கும் தெரியாது, அதனாலேயே அந்த முகம் சீனுக்குச் சரியாக இருந்தது. மற்ற ஐந்தும் போட்டோ, அது மட்டும் ஆள். நான் எடுத்த படத்திலேயே நல்ல ஷாட் அது. அதை விட எனக்கு மனசு வரவில்லை.

இப்போது நான் சொல்வதைக் கோபப்படாமல் படி. அத்தை தூங்குகிறார்கள் என்கிறாய். சசி இருக்கிறாளா இல்லையா என்று நமக்கும் தெரியாது. பதினாலு வருஷம் வராதவள் இனி வரப் போகிறாளா? ஒரு முடிவு கிடைத்துவிட்டது, விட்டுவிடு. ஜனம் அந்தக் கடைசி சீனுக்கு ஏன் கை தட்டுகிறது என்று நினைக்கிறாய்? முடிந்தது என்று யாராவது சொன்னால் போதும் என்று இருக்கிறது எல்லோருக்கும். ஆன்லைன் கம்பெனிக்குப் படம் போய்விட்டது. இந்த நேரத்தில் விஷயம் வெளியே தெரிய வேண்டாம்.

மாமாவைப் பார்த்துக்கொள்.

வினோத்

---

பெருநகர்
15-7-2024

வினோத்துக்கு,

உனக்குக் கற்பூரம் ஒன்றுதான் குறைச்சல்.

கோபத்தில் இந்தக் கடிதத்தை ஆரம்பித்து இரண்டு தரம் கிழித்தேன். ஆனால் உன்னைத் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை. சசி இருக்கிறாளா என்று நமக்குத் தெரியாது என்று எழுதியிருக்கிறாய். எனக்குத் தெரியும்.

எட்டு வருஷத்துக்கு முன்னால் என் பெயருக்கு ஒரு கடிதம் போட்டாள். ஓசூரில் இருக்கிறாள். ஜான்சனைக் கல்யாணம் செய்துகொண்டிருக்கிறாள். ஜான்சன் எந்தத் தெரு என்று உனக்குத் தெரியும். எங்க அப்பா காதுக்குப் போனால் அவனை உயிரோடு விட மாட்டார், எங்க அம்மாவுக்குச் சொன்னால் அம்மா வாயில் நிற்காது, யாரிடமும் சொல்லாதே, உன் தலையில் கை வைத்துச் சத்தியம் பண்ணு என்று எழுதியிருந்தாள். பண்ணினேன். தாண்டவராயன் மாமா கையில் அரிவாளோடு செங்கல்பட்டு வரைக்கும் தேடிப் போனதை நானும் பார்த்தவள்தானே. அன்றைக்குச் சொல்லாமல் இருந்தது சரி. இன்றைக்குக் கேட்டாலும் சரி என்பேன்.

அந்த மாமா செத்து நாலு வருஷம் ஆகிறது. அவளுக்கு எழுதினேன். அம்மாவைப் பார்க்க முகமில்லை என்று ஒரு வரி வந்தது. நானாவது சொல்லியிருக்கலாம். சொன்னால், நாலு வருஷமாகத் தெரியுமா என்று கேட்பார்களே, அதற்கு என்ன பதில் என்று ஒரு வாரம் தள்ளினேன். அது ஒரு வருஷம் ஆயிற்று. நாலு ஐந்தாயிற்று, அப்புறம் ஆறு, ஏழு, எட்டு. தினமும் அந்த வீட்டுக்குப் போகிறேன், அவர்கள் போடுகிற டீயைக் குடிக்கிறேன். அலமாரியைத் திறந்து போட்டோவைத் துடைக்கும்போது எழுந்து வந்துவிடுவேன்.

விட்டுவிடு என்கிறாய். எனக்கும் ஆசைதான். இத்தனை வருஷம் கழித்து நானும் தூங்கலாம், நான் மறைத்தது ஒருத்தருக்கும் தெரியாது. ஆனால் உயிரோடு இருக்கிற பெண்ணுக்கு எள்ளும் தண்ணீரும் விடப் போகிறார்கள். நான் வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்கவா?

உன் படத்தின் பெரிய குறையை இப்போது சொல்கிறேன். அந்தக் கடைசி சீன்தான். விளக்கேற்றி, மாலை போட்டு, பார்க்க வந்தவர்களை நிம்மதியாக வீட்டுக்கு அனுப்புகிறாய். அந்த ஆறு பேர் வீட்டில் யாருக்கும் அப்படி முடிந்திருக்காது. முகம் கொடு என்றுதான் நான் எழுதினேன், மாலை போடு என்று எழுதவில்லை.

அமாவாசைக்கு முன்னால் வா. நீ போட்டோ விஷயத்தைச் சொல், நான் என் விஷயத்தைச் சொல்கிறேன்.

பிரபா

---

சென்னை
24-7-2024

அக்கா,

சனிக்கிழமை, மூன்றாம் தேதி காலை வருகிறேன். நான் வரும்வரை நீ ஒன்றும் பேசாதே. எட்டு வருஷம் நீ எப்படித்தான் அதை வைத்துக்கொண்டு இருந்தாயோ. உன்னை நான் ஒன்றும் சொல்ல மாட்டேன்.

வினோத்

---

பெருநகர்
5-8-2024

வினோத்துக்கு,

சனிக்கிழமை மூன்று பஸ் பார்த்தேன். நாலாவதுக்கு நிற்கவில்லை. உடம்புக்கு ஏதாவது என்றால் எழுது, வேறு காரணம் என்றால் எழுதாதே.

சாயந்திரம் நானே போனேன். அத்தை மறுநாளைக்கு எள்ளைப் புடைத்துக்கொண்டிருந்தார்கள். நின்றுகொண்டே சொல்லிவிட்டேன், உட்கார்ந்தால் சொல்ல மாட்டேன் என்று தெரியும். சசி உயிரோடு இருக்கிறாள், ஓசூரில், ஜான்சனோடு. இரண்டு குழந்தை. முறத்தைக் கீழே வைத்தார்கள்.

“எத்தினி வருசமா தெரியும் உனக்கு?”

எட்டு என்றேன்.

“தெனம் எங்கையால டீ குடிச்சிக்கினு இருந்தியே பிரபா.”

திட்டியிருந்தால் தேவலை. நான் அழுதேன், என்னைப் பார்க்கவில்லை. எள்ளில் இருந்த கல்லைப் பொறுக்க ஆரம்பித்தார்கள். பொறுக்கி முடித்துவிட்டு, சின்னது எத்தனாவது படிக்குது என்று சுவரைப் பார்த்துக் கேட்டார்கள். தெரியாது என்றேன். அதுகூடக் கேட்டு வெச்சிக்கலியா என்றார்கள்.

நேற்று அமாவாசை. நான் தள்ளியே நின்று பார்த்தேன். ஆற்றங்கரையில் ஐயர் இரண்டு இலை போட்டார். ஒன்றை அத்தை குனிந்து எடுத்து மடித்து வைத்துவிட்டு, மாமாவுக்கு மட்டும் கொடுத்துவிட்டு வந்தார்கள். வீட்டுக்கு வந்ததும் சசி போட்டோவைச் சுவரில் இருந்து எடுத்தார்கள். எங்கே வைத்தார்கள் என்று எனக்குத் தெரியாது, நான் வாசலோடு நின்றுவிட்டேன்.

உன்னைப் பற்றியும் கேட்டார்கள். படத்தில் இருந்து எடுத்துவிடச் சொல்லட்டுமா என்றேன். “மூஞ்சி இருந்துட்டுப் போட்டும், நல்லாத்தான் கீது. மாலைய மட்டும் எடுத்துடச் சொல்லு.” முடியுமா முடியாதா என்று எனக்குத் தெரியாது. நான் சொல்லிவிட்டேன், நீ அவர்களுக்குப் பதில் சொல்லிக்கொள்.

இன்று காலை அத்தையே என் வீட்டுக்கு வந்தார்கள். எப்போதும் உள்ளே வருகிறவர்கள், படியில் உட்கார்ந்தார்கள். பேப்பர் எடு, நான் சொல்றத எழுது, நீ ஒண்ணும் சேக்காத என்றார்கள். சேர்க்கவில்லை. ஓசூருக்குப் போட்டுவிட்டேன். ஒரு நகல் உனக்கு வைத்திருக்கிறேன், படித்துக்கொள். என் விஷயத்தில் அவர்கள் மனசு ஆற எத்தனை நாள் ஆகுமோ தெரியாது.

பிரபா

---

பெருநகர்
5-8-2024

ரேகாவுக்கு,

உங்கம்மா கோவிந்தம்மா சொல்ல பிரபா எழுதுது. நல்லா கீறியான்னு கேக்க மாட்டேன். நீ நல்லா கீறன்னு பிரபா சொல்லிட்டுது.

உங்கப்பா செத்து நாலு வருசம் ஆவுது. அது உனக்குத் தெரியுமாமே. தெரிஞ்சும் வரல. முகமில்லன்னு எய்தினியாம். முகம் இல்லாம ஒருத்தி எப்டிடி ரெண்டு புள்ள பெத்தே.

இங்க நீ செத்துட்டேன்னு வினோத்து படத்துல காட்டினான். நான் நம்பிட்டேன். சொல்றதுக்கு இன்னா, நிம்மதியா இருந்திச்சி. செத்தவ வரலன்னா அவ மேல தப்பில்ல. ஒன்றரை மாசம் நல்லா தூங்கினேன். உன்ன நெனச்சி நல்லவிதமா அய்தேன். இப்போ நீ உயிரோட கீற. தூக்கம் போச்சி. உயிரோட இருந்துகினு பதினாலு வருசம் ஒரு தபா எட்டிப் பாக்கலியே, அத்த நான் எங்க கொண்டுபோய் வெக்கறது. செத்தவள கூட மன்னிச்சிட்டேன். உன்ன முடில.

சந்தோசம்னு எய்தட்டுமா அத்தேன்னு பிரபா கேக்குது. வேணாம்னேன். பிரபா கிட்டயும் நான் சரியா பேசல. அது இதயும் எய்திகினுதான் கீது.

ஜான்சன ஒண்ணும் சொல்ல மாட்டேன். அவன் உன்ன சோறு போட்டு வெச்சிகினு கீறான். புள்ளைங்க பேரு சோபியா, விஜய்னு பிரபா சொல்லிச்சி. அதுங்களுக்கு என்னத் தெரியுமா? ஆயா ஒருத்தி கீறான்னாவது சொல்லிகீறியா, இல்ல என்னயும் சாவடிச்சிட்டியா?

நான் கோவமா கீறேன். நீ வந்தா திட்டுவேன். தெருவுல நிக்க வெச்சி, நாலு பேரு கேக்க, வாய் வலிக்கற மட்டும் திட்டுவேன். தபால்ல திட்ட எனக்கு வரல.

அதனால வா. வந்து வாங்கிக்க.

இப்படிக்கு
உங்கம்மா